தேவசித்தமும் அன்றாடக் கடமையும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமய வாழ்வு குறித்த கட்டுரைகளுக்கும் வாசகர் கருத்துகளுக்கும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து இடமளித்து வருவதால், கிறிஸ்தவர்களிடையே பரவலாகக் காணப்படும் ஒரு மனச்சுமையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். "என் வாழ்க்கையைக் குறித்துக் கடவுளின் நோக்கம் என்ன?" என்ற கேள்வியை ஏதோ ஒரு வயதில் கேட்காத விசுவாசி அரிது. கேட்கத் தகுந்த கேள்விதான் அது. ஆனால் இன்று அது கேட்கப்படும் விதம் பலருக்கு ஆறுதலைத் தராமல் அச்சத்தையே தருகிறது என்பதை, சபையின் இளையோருடன் நெடுங்காலமாகப் பழகிவரும் பொதுநிலைக் கிறிஸ்தவன் என்ற முறையில் நான் கண்டுவருகிறேன்.

அந்த அச்சம் இப்படித்தான் உருவாகிறது. கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரேயொரு தனித் திட்டத்தை வகுத்து எங்கோ மறைத்து வைத்திருக்கிறார் என்றும், அதைச் சரியான நேரத்தில் கண்டுபிடிப்பதே விசுவாசத்தின் தலையாய வேலை என்றும் பிள்ளைகள் நம்பத் தொடங்குகிறார்கள். எந்தப் படிப்பு, எந்த வேலை, யாரோடு திருமணம் என்னும் ஒவ்வொரு முடிவும் அந்தத் திட்டத்தைத் தவறவிடும் ஆபத்தாகத் தோன்றுகிறது. அடையாளத்துக்காகவும் வசனத்துக்காகவும் கனவுக்காகவும் காத்திருந்து, செய்ய வேண்டியதைச் செய்யாமலே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் உண்டு. நடுவயதைக் கடந்தவர்களோ, எங்கோ ஒரு திருப்பத்தில் தேவசித்தத்தை, அதாவது கடவுளின் விருப்பத்தை, தவறவிட்டுவிட்டோம், இனி மிஞ்சியிருப்பது இரண்டாந்தர வாழ்க்கைதான் என்று யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். கணக்கெழுதும், வண்டி ஓட்டும், நோயாளியைப் பராமரிக்கும், பிள்ளைகளை வளர்க்கும் விசுவாசி ஒருவர், வாரத்தில் தாம் உழைக்கும் நேரமெல்லாம் கடவுளின் கணக்கில் சேராதது என்றும், பாடற்குழுவிலும் ஜெபக்கூட்டத்திலும் செலவிடும் ஓரிரு மணி நேரம் மட்டுமே கடவுளுக்கு உகந்தது என்றும் எண்ணிக்கொண்டே வாழ்நாளைக் கடத்திவிடக்கூடும். இந்த எண்ணத்தைத் திருமறை அவருக்குக் கற்பிக்கவில்லை என்பதே என் வாதம்.

வாழ்வின் நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது கிறிஸ்தவர்கள் மிகுதியாக எடுத்தாளும் வசனம், பழைய ஏற்பாட்டில் எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று கர்த்தர் உரைக்கும் அந்த வசனம் சுவர்களில் தொங்குகிறது. வாழ்த்து அட்டைகளில் அச்சாகிறது. தேர்வெழுதப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பப்படுகிறது. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுக்கப்பட்ட வரி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகிவிடும், சிறைப்பட்டவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயராலேயே முழங்கியிருந்தான். எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டுகள் என்கிறது. அதாவது, அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்டவர்களில் வயது வந்த பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே இறந்துபோவார்கள் என்பதும் அந்த வாக்குத்தத்தத்தோடு சேர்ந்தே சொல்லப்பட்டது.

அப்படியானால் அந்த எழுபது ஆண்டுகளும் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? 11ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் பலர் அதே கடிதத்தின் 5 முதல் 7 வரையிலான வசனங்களைக் கவனித்ததில்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நட்டு அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், திருமணம் செய்யுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காகக் கர்த்தரிடம் வேண்டுதல் செய்யுங்கள் என்று அக்கடிதம் பணிக்கிறது. அந்தப் பட்டணம் அவர்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெரிய திட்டம் கடவுளின் கையில் இருந்தது. அதன் கால அட்டவணை மக்களுக்கு உதவாத அளவுக்கு நீண்டிருந்தது. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டவை செங்கல்லும் விதையும் குடும்பமும் அயலாரும்தான். இந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்கும் ஒருவர், நோக்கம் தெளிவாகும்வரை வாழ்க்கையைத் தள்ளிவைக்கலாம் என்ற முடிவுக்கு எவ்வாறு வர முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

புதிய ஏற்பாடும் இதே திசையில்தான் செல்கிறது. தேவசித்தம் எது என்று திருத்தூதர் பவுல் வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்) உள்ளன. நீங்கள் பரிசுத்தமாக வேண்டும் என்பதே தேவனுடைய சித்தம் என்று 4ஆம் அதிகாரத்திலும், எல்லாவற்றிலும் நன்றி செலுத்துவதே தேவனுடைய சித்தம் என்று 5ஆம் அதிகாரத்திலும் அவர் எழுதுகிறார். எந்த ஊரில், எந்தத் தொழிலில் என்று அங்கே ஒன்றும் இல்லை. அமைதியாய் இருந்து, சொந்த அலுவல்களைப் பார்த்து, சொந்தக் கைகளால் வேலை செய்யும்படி அதே நிருபத்தில் அவர் அறிவுறுத்துகிறார். அதை எழுதியவரே கூடாரம் செய்யும் தொழிலாளி. கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் தங்கி அத்தொழிலைச் செய்தவர்.

இயேசுவுக்கு முன்னோடியாக வந்து மனந்திரும்புதலைப் போதித்த யோவான் ஸ்நானகனிடம் மக்கள் வந்து கேட்டதை லூக்கா 3ஆம் அதிகாரத்தில் பதிவு செய்திருக்கிறார். மனந்திரும்பிய மக்கள் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இன்று நம் இளையோர் கேட்பதும் இதே கேள்விதான். இரண்டு அங்கிகள் உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்பது பொதுமக்களுக்கு யோவான் தந்த விடை. வரி வசூலிப்பவர்களிடம் அந்த வேலையை விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர்களிடம், ஒருவரையும் துன்புறுத்திப் பணம் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்றார். வனாந்தரத்தில் வாழ்ந்த ஒரு தீர்க்கதரிசி, தம்மைப்போல் வனாந்தரத்துக்கு வரும்படி யாரையும் அழைக்காமல், அவரவர் தொழிலுக்குள்ளேயே, அந்தத் தொழிலில் எங்கே பாவம் எளிதாக நுழையுமோ அந்த இடத்திலேயே, கடவுளின் விருப்பத்தைச் சுட்டிக்காட்டியது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

வலைகளை விட்டுவிட்டு இயேசுவைப் பின்பற்றிய சீடர்களின் நிலை என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் சிலரை எல்லாவற்றையும் விட்டு வரும்படி அழைத்தார், இன்றும் அழைக்கிறார். குருக்களும் துறவியரும் முழுநேர ஊழியர்களும் அந்த அழைப்பை ஏற்று வாழ்கிறார்கள். அவர்களுடைய தியாகத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மாற்கு 5ஆம் அதிகாரத்தில், பேய் பிடித்திருந்து குணமான ஒருவன், தானும் உடன் வருகிறேன் என்று இயேசுவை வருந்திக் கேட்டுக்கொண்டதாக வாசிக்கிறோம். அவனுக்கு இயேசு அனுமதி கொடுக்கவில்லை. உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடத்துக்குப் போ என்றே அனுப்பினார். வரி வசூலிப்போருக்குத் தலைவனாயிருந்த சகேயு, பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னபோது, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். அவனைத் தம்மோடு வழிநடக்கும்படி அழைத்ததாக ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்டவனும் வீட்டிலேயே இருந்தவனும் அழைக்கப்பட்டவர்களே. இதைப் பிரசங்கங்களில் நாம் போதுமான அளவு கேட்பதில்லை.

துறவு வாழ்வு உயர்ந்தது, உலகத் தொழில் தாழ்ந்தது என்ற படிநிலை திருச்சபையில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது உண்மை. ஆயினும் அதே துறவு மரபுக்குள்ளிருந்தே மாற்றுக் குரலும் எழுந்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கு, மடத்தின் பண்டக அலுவலர் அங்குள்ள பாத்திரங்களையும் உடைமைகளையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப்போல் கருத வேண்டும் என்கிறது. சீர்திருத்தச் சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தர் 1520இல், திருமுழுக்குப் பெற்ற அனைவரும் குருத்துவ நிலையினரே, செய்யும் பணியில்தான் வேறுபாடு என்று எழுதினார். 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதும்போது, குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனைப் பார்த்து ஊரார் சிரித்தாலும், அவன் அதை விசுவாசத்தோடு செய்வதால் கடவுள் தம் தூதர்களோடு மகிழ்ந்து புன்னகைக்கிறார் என்றார். 1647இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை என்னும் விசுவாசப் போதனை நூல், மனிதனின் தலையாய நோக்கம் எது என்பதையே தன் முதல் வினாவாக வைத்து, கடவுளை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்று விடை தந்தது. அந்த விடையில் தொழில் எதுவும் குறிப்பிடப்படாததால், எந்த நேர்மையான தொழிலுக்குள்ளும் அது பொருந்தும். கத்தோலிக்கத் திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கமும், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று 1964இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு அது வெளியிட்ட இன்னொரு ஏட்டில், விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவு நம் காலத்தின் கடுமையான தவறுகளுள் ஒன்று என்று குறிப்பிட்டது. சபைப் பிரிவுகள் பலவற்றில் முரண்பட்டிருந்தாலும், இதில் அவற்றின் சாட்சி ஒன்றுபடுகிறது.

கோட்பாட்டைவிட வாழ்ந்து காட்டியவர்களே எனக்கு அதிகம் கற்பித்தவர்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரீஸ் நகரின் கார்மேல் துறவுச் சபையின் மடமொன்றில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் முன்பு படைவீரராயிருந்து, கால் ஊனமுற்றவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிடித்த வேலை கிடைத்ததால் அவர் அதில் கடவுளைக் காணவில்லை; பிடிக்காத வேலையைக் கடவுளின் மீதுள்ள அன்புக்காகச் செய்யப் பழகிப் பழகி, வேலை நேரத்துக்கும் ஜெப நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு இல்லை என்று சொல்லும் நிலையை அடைந்தார். உள்ளத்துக்குப் பிடித்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதே வாழ்வின் நோக்கம் என்று உலகம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க, அதையே நாமும் ஜெபமொழியில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், இந்த மனிதரின் வாழ்வு தனிக் கவனத்துக்கு உரியது.

பிரான்சின் லிசியே நகரின் புனித தெரேசாவும் அத்தகையவரே. பதினைந்து வயதில் அடைபட்ட துறவு மடத்துக்குள் நுழைந்து, 1897இல் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்த அந்த இளம்பெண், போதகராக, திருத்தூதராக, மறைசாட்சியாக, எல்லாமாகவும் ஆக வேண்டும் என்ற ஏக்கம் தம்மை வாட்டியதாக எழுதியிருக்கிறார். ஒன்றுகூட நிறைவேற வழியில்லாத நிலையில், அன்பே தம் அழைப்பு என்று அவர் உணர்ந்தார். அந்த அன்பு அவரிடம் வெற்று உணர்ச்சியாக நின்றுவிடவில்லை. துணி துவைக்கும்போது எதிரில் நின்று தம் முகத்தில் அழுக்குத் தண்ணீரைத் தெறிக்கவிட்ட சகோதரியிடம் முகம் சுளிக்காமல் இருந்தது போன்ற, வெளியே யாருக்கும் தெரியாத செயல்களில் அது வெளிப்பட்டது. மடத்தைவிட்டு வெளியே செல்லாத அவரைத் திருச்சபை 1927இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராக அறிவித்தது. பெரிய அழைப்புக்கு ஏங்கிச் சிறிய அறைக்குள் இருப்பதாக உணரும் எவருக்கும் இவரைவிட நெருக்கமான துணை இல்லை என்பது என் துணிபு.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது தீங்காகிவிடும். உள்ள நிலையில் உண்மையாயிரு என்ற போதனை, உழைப்பவரின் வாயை அடைக்கும் கருவியாகவும் வரலாற்றில் பயன்பட்டிருக்கிறது. அடிமைத்தனத்தைத் தேவசித்தம் என்று போதித்த பிரசங்கிகள் இருந்தார்கள். இன்றும் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, கர்த்தருக்கென்று செய்கிறோம் என்று எண்ணி மனநிறைவாய் இருங்கள் என்று அறிவுரை கூறும் முதலாளி ஒருவர் எந்தச் சபையிலும் இருக்கக்கூடும். அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கச் சொன்ன பவுல், அடுத்த வரியிலேயே, அடிமையாயிருக்கும் நீ விடுதலை பெறக் கூடுமானால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள் என்றும் எழுதினார். வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டியது என்றும் யாக்கோபு தம் நிருபத்தில் எழுதினார். ஆகவே அன்றாட வேலையில் கடவுளின் நோக்கத்தைக் காண்பது, அந்த வேலையில் நடக்கும் அநீதியைச் சகித்துக்கொள்வதற்கான காரணம் ஆகாது. அநீதியை எதிர்த்து நிற்பதும், முடியாதபோது வேறு வேலையைத் தேடிக்கொள்வதும் சில வேளைகளில் அந்த நோக்கத்தின் பகுதியே.

இன்னொரு சாராரையும் நான் மறக்கவில்லை. வேலையே கிடைக்காதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், நினைவு மங்கிப்போன முதியவர்கள் ஆகியோரின் வாழ்வுக்கு என்ன நோக்கம்? தொழிலை அழைப்பு என்று போற்றும்போது, தொழில் செய்ய இயலாதவர் அழைப்பற்றவர் என்ற கொடிய முடிவு நமக்குத் தெரியாமலேயே உள்ளே வந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டின் உபாகமம் என்னும் நூலில் 5ஆம் அதிகாரத்தின் ஓய்வுநாள் கட்டளை இதற்குத் தக்க மறுமொழி. நீயும் உன் பிள்ளைகளும் மட்டுமல்லாமல், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும், மாடும் கழுதையும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று காரணத்தையும் சொல்கிறது. செங்கல் எண்ணிக்கையால் மதிப்பிடப்பட்ட மக்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் எதையும் செய்து தராமலே தாங்கள் கடவுளுக்கு உரியவர்கள் என்பதை அந்தக் கட்டளை உணர்த்தியது. படுக்கையில் கிடக்கும் தாய் தன்னைப் பராமரிக்கும் கைகளைப் பெற்றுக்கொள்வதும் கடவுளுக்கு முன்பாக நிறைவான வாழ்வே. அவரைப் பார்க்கச் செல்லும் போதகர் இதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும். உங்களைக் கடவுள் ஏதோ ஒரு காரியத்துக்காகவே இன்னும் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அந்தக் காரியம் எது என்ற கவலையை அவரிடம் விட்டுவிட்டு வருவது ஆறுதல் ஆகாது.

நோக்கத்தை உணராத நாட்கள் எல்லாருக்கும் உண்டு. ஜெபிக்கும்போது உள்ளம் வறண்டிருப்பதும், செய்வது வீண் என்று தோன்றுவதும் விசுவாசக் குறைவின் அறிகுறி என்று பலர் அஞ்சுகிறார்கள். அன்னை தெரேசா கடவுளின் பிரசன்னத்தை உணராமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார் என்பது, அவருடைய கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகுக்குத் தெரியவந்தது. அந்த ஆண்டுகளிலும் அவர் அதிகாலையில் எழுந்து ஜெபித்தார். சாகும் நிலையில் இருந்தவர்களைப் பேணினார். ஒருவர் தம் வாழ்வின் நோக்கத்தை உணர்கிறாரா என்பதும், அந்த நோக்கத்தின்படி வாழ்கிறாரா என்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவற்றையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், திருச்சபைத் தலைவர்களிடம் சில வேண்டுகோள்களை வைப்பதே. நற்செய்திப் பணிக்குப் புறப்படுபவரை முன்னால் அழைத்து, கை வைத்து ஜெபித்து அனுப்புகிறோம், அது தொடரட்டும். அதே பீடத்துக்கு முன்பாக, புதிதாகச் செவிலியர் பணியில் சேரும் பெண்ணுக்காகவும், முதன்முறையாக வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியருக்காகவும், துப்புரவுப் பணியாளருக்காகவும், வேலையிழந்து வீட்டில் இருப்பவருக்காகவும், அவரவர் பணியையும் நிலையையும் குறிப்பிட்டு ஜெபிக்கலாம் அல்லவா? லஞ்சம் கேட்கும் மேலதிகாரியின்கீழ் நேர்மையாக இருப்பது எப்படி, கோபக்கார வாடிக்கையாளரிடம் பொறுமை காப்பது எப்படி, பொய்க்கணக்கில் கையெழுத்திட மறுத்தால் வரும் இழப்பைத் தாங்கச் சபை எவ்வாறு உதவும் என்பவை வேதபாட வகுப்புகளில் பேசப்பட வேண்டும். குறிப்பாகக் கடைசியில் சொன்னது. நேர்மைக்காக வேலையை இழந்த ஒருவருக்குச் சில மாதங்கள் தோள்கொடுக்கச் சபை ஆயத்தமாக இல்லையென்றால், நேர்மையாயிரு என்று அவருக்குப் போதிக்கும் உரிமை அதற்கு எப்படி வரும்?

இளையோரை வழிநடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தேவசித்தம் தெரியவில்லை என்று கலங்கி வரும் பிள்ளையிடம், இன்னும் உபவாசித்து ஜெபி என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். உன் திறமைகள் எவை, உன்னைச் சார்ந்திருப்பவர்கள் யார், உன் கைக்கு எட்டும் தூரத்தில் யாருக்கு எது தேவைப்படுகிறது, உன்னை நன்கு அறிந்த மூத்தோர் என்ன சொல்கிறார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பாவமல்லாத இரண்டு வழிகள் முன்னால் இருந்தால், யோசித்து ஒன்றைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரத்தைக் கடவுள் தந்திருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பவுலும் திட்டமிட்டார், பித்தினியா நாட்டுக்குப் போக முயன்றபோது தடுக்கப்பட்டார், வேறு வழியாகத் துரோவா பட்டணத்துக்கு வந்தார். அவர் புறப்பட்டு நடந்துகொண்டிருந்தபோதுதான் மக்கெதோனியாவுக்கு வரும்படியான தரிசனம் கிடைத்தது.

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் குருக்கள், போதகர்கள் எழுதும் சிந்தனைகளோடு, தத்தம் தொழிலில் விசுவாசத்தைக் காத்து வாழ முயலும் சாதாரணக் கிறிஸ்தவர்களின் அனுபவங்களுக்கும் அவ்வப்போது இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிற சமயத்தவரான வாசகர்களும் தங்கள் சமய மரபு இதைப் பற்றிச் சொல்வதை எழுதினால் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்